‘நீங்க போங்க’ அக்கா

மயிலாப்பூர் குளத்துப் பக்கம் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வந்துவிடும். ஆட்டோ வந்து நிற்கும். முதல் ஆளாக நிற்பவர் அவர்தான். ஆனால் ஏற மாட்டார். அரை அடி பின்னால் நகர்ந்து, கல்யாண மண்டப வாசலில் பெண் வீட்டார் வரவேற்பது மாதிரி கையை நீட்டி, "நீங்க போங்க" என்பார். பின்னால் நின்றவர் ஏறுவார். அவருக்கும் பின்னால் நின்றவர் ஏறுவார். வண்டி நிரம்பிவிடும். ஒருநாள் டிரைவருக்கே பொறுக்கவில்லை.

"இன்னாக்கா, வர்றவனையெல்லாம் ஏத்தி வுட்டுக்கினு நிக்கிற? நீ போவப் போறியா, இல்ல என் வண்டிக்குக் கண்டக்டரா?"

அதற்கும் சிரித்தார். "அடுத்ததுல வரேன்பா. அவசரமில்ல" என்றார். அவசரம் இருந்தது. பாண்டி பஜார் பக்கம் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் அவருக்கு வேலை. தாமதமாகப் போனால் அந்த ஆடிட்டர் வாயால் எதுவும் சொல்லமாட்டார், கடிகாரத்தை மட்டும் பார்ப்பார். அது திட்டுவதைவிட மோசம் என்று அக்காவே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அபிராமபுரத்தில் நாங்கள் ஒரே அடுக்ககத்தில் இருந்தோம். அவர் மாடியில், நான் அவருக்கு நேர் கீழே. அவர் கணவருக்கு மாற்றல் வந்து, இப்போது கோயம்புத்தூர் போய்விட்டார்கள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் எதிலும் முந்திக்கொள்கிற ஜாதி. கல்யாணப் பந்தியில், சாப்பிடுகிறவர் மோர் சாதத்துக்கு வந்துவிட்டாரா என்று பார்த்து அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பேன், அவர் எழுந்திருப்பதற்குள் கைக்குட்டையைப் போட்டுவிடுவேன். அக்காவும் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். ஆனால் இடம் காலியாகும் அந்த நொடியில் பக்கத்தில் யாராவது ஒரு மாமி மூச்சு வாங்கினால் போதும். "நீங்க உக்காருங்க மாமி." இப்படியே மூன்று பந்தி போய்விடும். கடைசியில் அவர் இலைக்கு வரும்போது பாயசம் தீர்ந்திருக்கும், வடை தீர்ந்திருக்கும், பரிமாறுகிறவரின் பொறுமையும் தீர்ந்திருக்கும். "எனக்கு ரசம் சாதமே போதும், வயித்துக்கு நல்லது" என்பார். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

அவரை ஓடக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். அடையாறில் எங்களுக்கு ஒரு சின்ன ஓட்டக் கூட்டம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னால் கிளம்பி, பெசன்ட் நகர் கடற்கரை வரை போய்த் திரும்புவோம். ‘நீங்க போங்க’ அக்கா என்று பெயர் வைத்தது அந்தக் கூட்டம்தான். ஒவ்வொரு தெரு முனையிலும் அவர் நின்றுவிடுவார். பால் வண்டிக்கு வழி, பேப்பர் போடுகிறவருக்கு வழி, நடைப்பயிற்சி போகும் தாத்தாக்களுக்கு வழி. ஒருநாள் தெருநாய்க்கும் வழிவிட்டு நின்றார். நாய் பழக்கமில்லாத மரியாதையில் குழம்பிப்போய் அதுவும் நின்றுவிட்டது. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம், அவரும் கூடச் சிரித்தார்.

ஆனால் கால்கள் நல்ல கால்கள். அலட்டல் இல்லாத, ஒரே சீரான ஓட்டம். அந்த வருடம் நாங்கள் சிலர் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தபோது அவரும் கொடுத்தார். இருபத்தோரு கிலோமீட்டருக்கும் கொஞ்சம் கூடுதல். மாதக்கணக்கில் பயிற்சி. அதற்காக அவர் எந்த மணிக்கு எழுந்து, மாமியாருக்கும் பிளஸ் டூ படிக்கிற பையனுக்கும் சமைத்து வைத்துவிட்டு வந்தார் என்பதை நான் கேட்டதில்லை. மாடியில் குக்கர் விசில் கேட்டுத்தான் நானே எழுந்திருப்பேன்.

ஒரு ஞாயிறு, நீண்ட ஓட்டம் முடிந்து கடற்கரைச் சுவரில் உட்கார்ந்திருந்தோம். ஷூவுக்குள் போன மணலைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"குடுத்த நேரத்துக்குள்ள முடிச்சாத்தான் மெடலாமே?"

"ஆமாக்கா. நேரம் தாண்டிட்டா கிடையாது. நீங்க முடிச்சிடுவீங்க."

"எனக்கு அது வேணும்டி." குரலைத் தாழ்த்திக்கொண்டார், யாரோ ஒட்டுக்கேட்பது மாதிரி. "தாலியத் தவிர எனக்கு இதுவரைக்கும் யாரும் எதையும் கழுத்துல போட்டதில்ல. ஸ்கூல்ல கூட இல்ல. இது என் காலால நானே வாங்குறதாச்சே."

அவர் ஒரு பொருளை ‘வேணும்’ என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பேச்சை மாற்றிக் காபி குடிக்கலாமா என்றேன்.

ஓட்டத்தன்று நான் அவருக்கு முன்பே முடித்துவிட்டேன். மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, முடிவுக் கோட்டுக்கு இந்தப் பக்கம் அவருக்காகக் காத்திருந்தேன். அங்கே கறுப்பு ரப்பர் பாய் ஒன்றை விரித்திருப்பார்கள். அதை மிதித்தால்தான் ஓடி முடித்ததாகக் கணக்கு. மேலே வளைவில் பெரிய கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. வெயில் ஏறிவிட்டது. தூரத்தில் அவருடைய நீலத் தொப்பி தெரிந்ததும் நுனிக்காலில் எழும்பிப் பார்த்தேன். வந்துவிட்டார். நேரத்துக்குள் வந்துவிட்டார்!

கடைசிப் பகுதியில் இரண்டு பக்கமும் தடுப்பு வைத்துப் பாதையைக் குறுக்கியிருந்தார்கள். பாய்க்குப் பத்தடி முன்னால், பின்னாலிருந்து ஒரு கனத்த மனிதர் புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். அக்கா திரும்பிப் பார்த்தார். எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. "அக்கா, வேணாம்! வாங்க!" என்று கத்தினேன். அவர் ஓரமாக ஒதுங்கி, கையை நீட்டினார். அவர் உதடு அசைந்தது இங்கிருந்தே தெரிந்தது. நீங்க போங்க.

அந்த மனிதர் போனார். அவருக்குப் பின்னால் கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர், கைகோத்துக்கொண்டு, மேலே போட்டோகிராஃபரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு ஆற அமர வந்தார்கள். படத்துக்குக் குறுக்கே வரக்கூடாதாம். அவர்களுக்கும் வழி. அப்புறம்தான் அக்கா வந்து பாயை மிதித்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரித்தபடியே தலையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் தாண்டிச் சில நொடிகள் ஆகியிருந்தன.

மெடல் கொடுக்கிற இடத்தில் நின்ற பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. "ஆன்ட்டி, கொஞ்சம் இருங்க. நான் உள்ள கேட்டுட்டு வரேன். ஜஸ்ட் இப்பதான..."

"வேணாம்மா. ரூல்ஸ்னா ரூல்ஸ்தான? பரவால்ல." கையில் கொடுத்த வாழைப்பழத்தையும், பக்கத்தில் கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த யாரோ ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆட்டோவில் என் மெடலைத் தடவிப் பார்த்து, "நல்ல கனமா இருக்குடி" என்று சொல்லிக்கொண்டு வந்தார். நான் கழற்றி நீட்டினேன். "ஐயே, அது உன்னுது" என்று என் கையைத் தள்ளிவிட்டார்.

ஆறுதல் சொல்வதில் நம் ஆட்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. கூட்டத்தின் வாட்ஸப்பில் கும்பிடு இமோஜிகள் குவிந்தன. ‘ஆரோக்கியம்தான் முக்கியம்’ என்றார் ஒருவர். ‘அக்காவின் மனசுக்கே தங்க மெடல் கொடுக்கலாம்’ என்றார் இன்னொருவர். எதிர் வீட்டு மாமா, "இருபத்தோரு கிலோமீட்டர் ஓடினவளுக்குத் தகரம் எதுக்கும்மா?" என்றார். மாமியார், "அதான் ஓடிட்டியே, அப்புறம் என்ன?" என்றார். எல்லோருக்கும் அக்கா ஒரே பதிலைச் சொன்னார். பரவால்ல. நானும் அதை நம்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. கால் வலியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அப்புறம் பையனுக்குப் பரீட்சை, மாமியாருக்குச் சளி, வீட்டுக்கு விருந்தாளி. மாடிப்படியில் ஏறும்போது கீழே இருக்கும் பொதுச் செருப்பு அலமாரியைப் பார்ப்பேன். அவருடைய ஷூ அடித்தட்டில் தூசு படிந்து கிடந்தது. ஒருநாள் சாயங்காலம் முருங்கைக்கீரை கொடுக்கும் சாக்கில் மேலே போனேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"எப்பக்கா வரப்போறீங்க?" என்றேன்.

"எதுக்கு?"

"ஓடத்தான்."

நறுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு கத்தி நின்றது. கையில் காய்ச்சாறு ஒட்டியிருந்ததால் முழங்கையை மடித்து அதில் முகத்தை வைத்துக்கொண்டார். அழுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. சத்தமே இல்லாத அழுகை.

"எல்லாரும் நல்ல மனசு, நல்ல மனசுங்கிறாங்க. எனக்கு அது கேக்கவே பிடிக்கலடி" என்றார். "நான் நல்ல மனசால விடல. அந்த ஆளு மேல எனக்கு என்ன பாசம்? அவர் யாருன்னே தெரியாது. நான் சொல்லவே இல்ல, வாய் சொல்லிடுச்சு. காலு தானா ஒதுங்கிடுச்சு. எங்க வீட்ல ஒரே பாத்ரூம், அஞ்சு பொண்ணுங்க, நான்தான் பெரியவ. காலைல பக்கெட்டத் தூக்கினு வரிசைல நின்னா, பின்னாடி ஒவ்வொருத்தியா வருவா. அவளுக்கு ஸ்கூலு, இவளுக்கு வயித்துவலி. நீ போ, நீ போ, நீ போ. அதே வாய்தான் அங்கயும் சொல்லிச்சு."

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்க்கா" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு மட்டமான ஆறுதல் என்று தெரிந்தது.

"அடுத்த வருஷமும் ஒதுங்கிடுவேன். ஓடுறதுக்கு இத்தன மாசம் பயிற்சி எடுத்தேன். இதுக்கு எடுக்கலையே" என்றார்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவரே சிரித்துவிட்டார். பயிற்சி அப்படித்தான் தொடங்கியது.

முதல் நாள் மாட வீதியில் காய்கறிக்காரம்மாவிடம். நான் இரண்டடி தள்ளி நின்றேன். பக்கத்தில் ஒரு பெண் பை நிறையத் தக்காளியைப் பொறுக்கிவிட்டு நீட்டுகிறாள். அக்கா தன் கத்தரிக்காய்த் தட்டைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு... எனக்கு மொதல்ல போட்டுடுங்க" என்றார். குரல் நடுங்கியது. காய்கறிக்காரம்மா தராசை வைத்துவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா? குந்து, தண்ணி தரவா?"

அன்று வீட்டுக்கு வரும் வரை எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் கத்தரிக்காய் முதலில் எடை போடப்பட்டது. அது போதும்.

அப்புறம் தினமும் மாடிப்படியில் எனக்கு அறிக்கை வரும். இன்றைக்கு ஷேர் ஆட்டோவில் முதலில் ஏறினேன். இன்றைக்கு வங்கியில் டோக்கனை யாருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை. இன்றைக்குக் கர்ப்பிணிப் பெண்ணுக்கு எழுந்து இடம் கொடுத்தேன், அது கணக்கில் வராது, இல்லையா? வராது என்பேன் நான். வீட்டில் ஒருநாள் மெதுவடை சுட்டபோது, எண்ணெயிலிருந்து எடுத்த முதல் வடையை அடுப்பின் முன்னால் நின்றபடியே சாப்பிட்டாராம். மாமியார் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாராம். கணவர் அதிகம் பேசாதவர். எழுந்து வந்து, அடுத்து எடுத்த வடையையும் ஒரு கிண்ணத்தில் சட்னி ஊற்றி அவர் பக்கமே நகர்த்தி வைத்துவிட்டுப் போனாராம். அதை மட்டும் அக்கா எனக்கு இரண்டு தடவை சொன்னார்.

எனக்கு ஆனால் உள்ளுக்குள் ஒரு சங்கடம் வளர்ந்துகொண்டிருந்தது. உலகத்தில் என் மாதிரி முந்திக்கொள்கிறவர்களுக்குப் பஞ்சமா? கைக்குட்டை போட இன்னொரு ஆள் வேண்டுமா? அவரைக் கெடுத்துவிடுகிறோமோ என்று தோன்றும். ஒரு பிரதோஷத்தன்று அது முற்றியது. கோயிலில் பிரசாத வரிசை. அக்காவுக்குப் பின்னால் கம்பு ஊன்றிய ஒரு பெரியவர். அக்கா நகரவே இல்லை, நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். சுண்டலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர், தொன்னையைக் கையில் வைத்தபடி பிரகாரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அவருக்குக் கால் நடுங்கிச்சுடி. நான் பாத்தேன். பாத்துட்டும் நகரல."

அவர் எழுந்து போய், அந்தப் பெரியவரைக் கூட்டத்தில் தேடிப் பிடித்து, தன் தொன்னையையும் அவர் கையில் வைத்துவிட்டு வந்தார். வந்து ஒரு பெருமூச்சு விட்டார்.

"இவருக்கு விட்டிருக்கணும். போட்டோவுக்குப் பல்லைக் காட்டினு வந்துதுங்களே மூணு, அதுங்களுக்குத்தான் விட்டிருக்கக் கூடாது" என்றார்.

அதற்குப் பிறகு அறிக்கை வருவது நின்றுவிட்டது. அடுத்த ஞாயிறு காலையில் செருப்பு அலமாரியில் ஷூ இல்லை. நான் கீழே இறங்குவதற்கு முன்பே அவர் கேட்டில் நின்றுகொண்டிருந்தார்.

மறுவருட ஓட்டத்தின்போது எனக்கு முழங்கால் சரியில்லை. பாதி தூரம் நடையும் ஓட்டமுமாகத்தான் போனேன். அக்கா எனக்கு முன்னால் போய்விட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். வழியில் தண்ணீர்ப் பந்தலில் யாரோ ஒரு பெண்ணுக்கு மயக்கம் வந்து, இவர் நின்று முகத்தில் தண்ணீர் தெளித்து, ஆள் வரும் வரை கூட இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்போது நான் அவரைப் பார்க்காமலே கடந்து போயிருக்கிறேன்.

முடிவு வளைவு கண்ணுக்குத் தெரிந்தது. கடிகாரத்தில் இன்னும் கொஞ்சம் நேரம் மிச்சம் இருந்தது. போன வருடம் மாதிரியே தடுப்பு, அதே குறுகல். நான் நொண்டிக்கொண்டு நடுப்பாதையில் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் திமுதிமுவென்று காலடிச் சத்தம்.

"வழி விடுங்க!"

யாரோ என்று நினைத்தேன். அந்தக் குரலில் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லையே.

"வழி! வழி விடுங்க!"

திரும்பிப் பார்த்தேன். முகமெல்லாம் சிவந்து, தொப்பி எங்கேயோ விழுந்து, முடி கலைந்து வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், ஆனால் நான் யார் என்று அவர் கண்ணில் பதியவில்லை. அவர் கண் முழுக்க அந்தக் கறுப்புப் பாய்தான் இருந்தது. வாழ்நாளில் யாருக்கும் வழிவிட்டுப் பழக்கமில்லாத நான் ஓரமாக ஒதுங்கினேன். "நீங்க போங்கக்கா" என்றேன். நான் சொல்லவில்லை, என் வாய்தான் சொன்னது.

போனார். பாயை இரண்டு காலாலும் சேர்த்து மிதித்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை, முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் உட்கார்ந்துவிட்டார், அங்கேயே, பாய்க்கு அந்தப் பக்கம், நடுத் தரையில்.

நானும் எப்படியோ நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தேன். அவர் கழுத்தில் மெடல் தொங்கியது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். மெதுவாக அவர் முகம் மாறியது.

"ஐயோ, அது நீயா? உன்னையா வழி விடச் சொன்னேன்?"

"ஆமாக்கா."

மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். வாயைத் திறந்தார். திறந்து, மூடிக்கொண்டார்.

தன்னார்வலர் ஒருவர் பழப் பையை எடுத்துக்கொண்டு வந்தார். கடைசியாக வந்தவர்கள் நாங்கள். பைக்குள் கையை விட்டுத் துழாவி, ஒரே ஒரு வாழைப்பழத்தை எடுத்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நீட்டினார். அக்கா பழத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் முழங்காலையும் பார்த்தார். பிறகு கையை நீட்டி வாங்கிக்கொண்டார். தோலை உரித்து, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே ஒரு கடி கடித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மெடல் மேல் சொட்டியது.

"எனக்குப் பசிக்குதுடி" என்றார்.

முழுப் பழத்தையும் அவரே சாப்பிட்டார்.